பணம் இருந்தும் தண்ணீர் கிடைக்கவில்லை: அம்பேத்கர் பார்த்த இரண்டு ஏற்றத்தாழ்வுகள்

நீலக் கோட்டு, மூக்குக்கண்ணாடி, கையில் அரசியலமைப்புப் புத்தகம். அம்பேத்கர் என்றதும் நம் மனசில் வருவது இந்தச் சிலைதான். ஏப்ரல் 14 வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்போம், சட்ட மேதை என்று எழுதுவோம். ஆனால் அவர் அமெரிக்காவிலும் லண்டனிலும் ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டங்கள் பொருளாதாரத்தில் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ரூபாயின் மதிப்பு, நிலம், கூலி, வேலை நேரம் எனப் பல விஷயங்களைப் பற்றி அவர் எழுதினார், சட்டசபையில் வாதாடினார்.

டீக்கடையிலிருந்து ஆபீஸ் கேன்டீன் வரை நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் உண்டு. நாட்டில் இரண்டே சாதிதான், பணக்காரன் ஒன்று, ஏழை இன்னொன்று. காசு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். இதற்கு நேர் எதிராக, மரியாதை கிடைத்தால் போதும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எது சரி? அம்பேத்கர் தன் 65 வருட வாழ்க்கையில் இந்த இரண்டு பதில்களையுமே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மாட்டு வண்டிக்கு இரட்டை வாடகை

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார் பீமராவ். பெற்றோருக்கு 14வது பிள்ளை. அப்பா ராம்ஜி சக்பால், பிரிட்டிஷ் ராணுவத்தில் சுபேதார். அந்தக் காலத்துக்கு அது வயிற்றுப்பாட்டுக்குக் குறையில்லாத வேலை. ஆனால் குடும்பம் மகர் சாதியைச் சேர்ந்தது. சதாரா பள்ளியில் பீமராவ் உட்கார வீட்டிலிருந்து ஒரு சாக்குத்துணி கொண்டுபோக வேண்டும். குழாயை அவர் தொடக் கூடாது. பள்ளி பியூன் திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு. பியூன் அன்றைக்கு லீவு என்றால் தாகத்தோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

1901இல் நடந்த ஒரு பயணத்தைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அப்பா கோரேகானில் காசாளராக வேலை பார்த்தார். கோடை விடுமுறைக்கு அவரிடம் போக பீமராவ், அவருடைய அண்ணன், அக்கா பிள்ளைகள் எல்லோரும் ரயில் ஏறினார்கள். புதுச் சட்டை, பளபளப்பான தொப்பி, கையில் பணம், கூடை நிறையச் சாப்பாடு. மசூர் ஸ்டேஷனில் இறங்கியபோது கூட்டிப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகளின் உடையைப் பார்த்து அக்கறையோடு விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், சாதி தெரிந்ததும் முகம் மாறி விலகிப்போனார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்ற மறுத்தார்கள்.

கடைசியில் ஒருவர் ஒத்துக்கொண்டார். வாடகை இரண்டு மடங்கு. அதோடு வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வருவார். தீட்டுப் படக் கூடாதே! இருட்டிய பிறகு சாப்பிடலாம் என்று கூடையைத் திறந்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடிக்காரரும் கைவிரித்துவிட்டார். கூடையில் அவ்வளவு சாப்பாடு இருந்தும் அன்று இரவு அதைச் சாப்பிட முடியவில்லை.

பீமராவுக்கு அப்போது பத்து வயதுதான். அந்தப் பிள்ளைகளிடம் பணம் இருந்தது, இரண்டு மடங்கு கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். ஆனால் அந்தப் பணத்தால் ஒரு குடம் தண்ணீர் வாங்க முடியவில்லை. காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் அவர் விஷயத்தில் இங்கேயே அடிபட்டுப் போனது.

டிகிரி வந்தது, வீடு கிடைக்கவில்லை

குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் பகுதியில், மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் சால் கட்டடம் ஒன்றில் ஒற்றை அறை வீடு. அங்கிருந்து எல்பின்ஸ்டன் கல்லூரிக்குப் போனார். 1912இல் பி.ஏ. முடித்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916இல் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதி எப்படி உருவானது என்று கட்டுரை வாசித்தார். அதே ஆண்டில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917இல் திரும்ப வேண்டியதாயிற்று.

ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை கிடைத்துவிட்டது, தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். 11வது நாள் ஒரு கும்பல் கையில் தடியோடு வந்து வெளியேறச் சொன்னது. ஊரில் இருந்த நண்பர்களும் இடம் தரவில்லை. ஒரு பூங்காவில் பொழுதைக் கழித்துவிட்டு அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார். அமெரிக்கப் பட்டத்தோடு வந்தவருக்கு அந்த ஊரில் ஒரு மாதம்கூடக் குடியிருக்க முடியவில்லை.

1918இல் பம்பாய் சைடனம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதைச் சில சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். பிறகு சேமிப்பு, நண்பரிடம் வாங்கிய கடன், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு 1920இல் மறுபடி லண்டன் போனார். விட்ட படிப்பை முடித்துக்கொண்டு 1923இல் ஊர் திரும்பினார்.

ரூபாய் பற்றி என்ன எழுதினார்?

1918இல் எழுதிய கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டது சிறு நிலங்கள் பிரச்சினை. நிலம் துண்டு துண்டாகப் பிரிவதால்தான் விவசாயி ஏழையாக இருக்கிறார் என்று அப்போது பலர் சொன்னார்கள். அம்பேத்கர் அதைத் திருப்பிப் போட்டார். வேறு வேலையே இல்லாததால் தேவைக்கு அதிகமான பேர் நிலத்தையே நம்பிக் கிடக்கிறார்கள், நிலம் துண்டாவது அதன் விளைவு. எனவே மருந்து தொழில் வளர்ச்சி என்றார்.

1923இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம் வாங்கித் தந்த ஆய்வு ரூபாய் பற்றியது. அன்றைய பெரிய விவாதம், ரூபாயின் மாற்று விகிதம் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பது. ரூபாய் மதிப்பு குறைந்தால் ஏற்றுமதி வியாபாரிக்கு லாபம், சரி. அந்த லாபம் யாருடைய பையிலிருந்து வருகிறது? விலைவாசி ஏறும் வேகத்துக்குக் கூலி ஏறாது. அதனால் கூலிக்காரர் இழப்பதுதான் முதலாளிக்கு லாபமாகிறது என்று விளக்கினார். நம்ம பாஷையில் சொன்னால், இன்க்ரிமென்ட் 5 சதவீதம் வந்து விலைவாசி 8 சதவீதம் ஏறினால், சம்பளம் ஏறவில்லை, குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கைத்தான் அவர் அன்றைக்கே போட்டார்.

மகாத் குளம், 1927

படிப்பு முடிந்து வக்கீல் தொழிலுக்கு வந்தவர், பொதுவாழ்க்கையில் முதலில் பெரிதாகக் கையில் எடுத்தது தண்ணீரை. பொதுக் குளம், கிணறு, பள்ளிகளைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை 1923இல் தீர்மானம் போட்டது. கொங்கண் பகுதியில் உள்ள மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் எல்லாம் பக்கா. யாரும் இறங்கித் தண்ணீர் எடுக்க முடியாது என்பதுதான் நிஜம்.

1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள்மீது தாக்குதல் நடந்தது, குளத்துக்குத் தீட்டுக் கழிக்கும் சடங்கும் நடந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வர 1937 ஆகிவிட்டது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருடம்!

மில்லுக்குள்ளே நூல் நுனியில் சாதி

சரி, கிராமத்தில் பழைய வழக்கம் இருக்கும். நகரம், தொழிற்சாலை, மெஷின் வந்தால் சாதி போய்விடாதா? இந்தக் கேள்விக்குப் பம்பாய் துணி மில்களிலேயே பதில் இருந்தது.

மில்லில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். ஆனால் அங்கே தலித் தொழிலாளர்களைச் சேர்ப்பதில்லை. கூலி குறைவான நூற்புப் பிரிவோடு அவர்கள் நின்றுவிட வேண்டும். காரணம் என்ன தெரியுமா? தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்ததும் புது நூலை மாட்டி, அதன் நுனியை நாடாவில் உள்ள சின்னத் துளை வழியாக வாயால் உறிஞ்சி வெளியே இழுப்பார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க வேண்டிவரும். தலித் தொழிலாளி வாய் வைத்ததில் நாங்கள் வைக்க மாட்டோம் என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

1928இல் பம்பாயில் சுமார் ஒன்றரை லட்சம் மில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளியிடம் நியாயம் கேட்டுப் போராடிய சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் இதைக் கேட்டார். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் நெசவுப் பிரிவுக் கதவைத் திறப்பது ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. கம்யூனிஸ்டுகளோடு அவருக்கு நெடுங்காலம் நீடித்த மனக்கசப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

தீண்டாமை என்றால் மனசைப் புண்படுத்தும் விஷயம் மட்டும் என்று நினைத்தால், இந்த மில் கணக்கைப் பாருங்கள். இங்கே தீண்டாமை மாதாமாதம் கூலி கவரில் குறைகிறது. ரயில்வேயிலும் இதே கதை. 1938இல் மன்மாடில் நடந்த ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் அவர் சொன்ன உதாரணம் இது: கேங்மேனாகச் சேரும் தலித் தொழிலாளி போர்ட்டராகக்கூட ஆக முடியாது. ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் பயன்படுத்துவார். வீட்டுக்குள் தலித்தை விடமாட்டார். பதவி உயர்வு ஒரு வீட்டு வாசலில் நின்றுபோனது.

அதனால்தான் அந்த மாநாட்டில் தொழிலாளிக்கு இரண்டு எதிரிகள் என்றார் அவர்: ஒன்று பிராமணியம், மற்றது முதலாளித்துவம். பிராமணியம் என்று அவர் சொன்னது ஒரு சாதிக்காரரை அல்ல, மேல்-கீழ் பார்க்கும் மனநிலையை. அது எல்லாச் சாதியிலும் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார். 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலிலும் இதே வாதம் வருகிறது. சாதி வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிற ஆட்களையே பங்கு போட்டு ஒருவர்மேல் ஒருவரை அடுக்கி வைக்கிறது.

தொழிலாளர் கட்சியும் விவசாயிகள் பேரணியும்

1930களின் தொடக்கத்தில் லண்டன் வட்டமேசை மாநாடுகளுக்கு அம்பேத்கர் போனார். நம் ஊர் இரட்டைமலை சீனிவாசனும் அவரோடு தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதியாகப் போனவர். அங்கே பேசியது அரசியல் உரிமை பற்றி. ஆனால் 1936இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயரைக் கவனியுங்கள்: சுதந்திரத் தொழிலாளர் கட்சி. பெயரில் சாதி இல்லை, தொழிலாளர் இருக்கிறார்.

1937 தேர்தலில் ஜெயித்து பம்பாய் சட்டசபைக்குள் போனதும், கொங்கண் பகுதியின் கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். கோத் என்பவர் அரசுக்கும் குத்தகை விவசாயிக்கும் இடையில் நிற்கும் வரி வசூல் இடைத்தரகர். இவரிடம் சிக்கியிருந்தவர்களில் மகர்களும் உண்டு, குன்பி போன்ற சாதி இந்துக்களும் உண்டு. 1938 ஜனவரியில் இந்த விவசாயிகள் ஒன்றாகப் பம்பாயில் பேரணி போனார்கள். மசோதா சட்டமாகவில்லை, அந்த முறை ஒழியச் சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. யாரோடு முட்டிக்கொண்டாரோ, அதே கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துதான் அம்பேத்கர் அதை நடத்தினார்.

வாரம் 54 மணி நேரம் 48 ஆனது எப்போது?

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். இன்றைய கணக்கில் மத்திய தொழிலாளர் அமைச்சர். 1946 வரை இருந்தார். மாதச் சம்பளம் வாங்குகிற பலருக்கும் தொடர்புடைய சில விஷயங்கள் அப்போது நடந்தவை:

* அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் முத்தரப்பு மாநாடு 1942இல் நடைமுறைக்கு வந்தது.
* தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிய அதார்க்கர் அறிக்கை 1944இல் தயாரானது. 1948இல் வந்த இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அதுதான் அடித்தளம்.
* மத்திய அரசு வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடஒதுக்கீடு 1943இல் வந்தது. அதற்காக அவர் அரசுக்கு மனு எழுதி வாதாடியிருந்தார்.
* தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 1946இல் நிறைவேறியது. ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வார வேலை நேரம் 54லிருந்து 48 மணி நேரமாகக் குறைந்தது.

எட்டு மணி நேர வேலை என்பது ஒரே ஒருவர் கொடுத்த வரம் அல்ல, உலகம் முழுக்கத் தொழிலாளர்கள் பல தலைமுறை போராடி வாங்கியது. இந்தியத் தொழிற்சாலைகளில் வாரம் 48 மணி நேரம் என்று சட்டமானதில் அம்பேத்கரின் பங்கு பெரியது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

அரசியலமைப்பில் இடம்பிடிக்காத பக்கம்

இங்கேதான் பலருக்குத் தெரியாத திருப்பம். 1947இல், அரசியலமைப்பு வரைவுக்குழுத் தலைவர் ஆவதற்கு முன்பே, அவர் அரசியல் நிர்ணய சபைக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். முக்கியத் தொழில்கள் அரசு வசம் இருக்க வேண்டும், காப்பீடு அரசே நடத்த வேண்டும், விவசாய நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு சாதி பார்க்காமல் கூட்டுப் பண்ணைகளாகக் குத்தகைக்கு விட வேண்டும் என்று அதில் கேட்டார். அடுத்து வரும் ஆட்சி சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றிவிடாதபடி இதை அரசியலமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்பதுதான் அதன் மையம்.

அது நடக்கவில்லை. இப்போது நம் கையில் இருக்கும் அரசியலமைப்பில் ஓட்டுரிமை எல்லோருக்கும் சமம். 17வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. ஆனால் செல்வம் சிலரிடம் குவியக் கூடாது என்பதெல்லாம் அரசுக்கான வழிகாட்டு நெறிகள் பகுதியில்தான் இருக்கிறது. அதை அமல்படுத்தச் சொல்லி நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது. 37வது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

இந்த இடைவெளி அவருக்கு நன்றாகத் தெரியும். 1949 நவம்பர் 25 அன்று, அரசியலமைப்பு ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள், சபையில் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தபோது அவர் எச்சரிக்கைதான் செய்தார். ஜனவரி 26 முதல் நாம் ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறோம், அரசியலில் எல்லோர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்தச் சமம் இருக்காது என்றார். இதைச் சீக்கிரம் சரிசெய்யாவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய ஜனநாயகத்தையே உடைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

கடைசி ஏழு ஆண்டுகள்

சட்ட அமைச்சராக அவர் அடுத்து எடுத்தது இந்து சட்டத் தொகுப்பு மசோதா. மகளுக்குச் சொத்தில் பங்கு, மனைவிக்கு விவாகரத்து உரிமை. கடும் எதிர்ப்பில் மசோதா நகரவே இல்லை. 1951இல் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா துண்டு துண்டாக 1955, 1956இல் சட்டங்களானது. பூர்வீகச் சொத்தில் பிறப்பிலிருந்தே மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் என்பதைத் தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்தது. நாடு முழுவதும் வர 2005 ஆனது.

1952 முதல் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்றார். 1954 இடைத்தேர்தலிலும் தோல்விதான். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அடுத்த இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார்.

இன்றைக்கு இந்தக் கணக்கு எங்கே நிற்கிறது?

உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதம் பேரிடம் போகிறது. மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் அவர்கள் கையில். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தைவிட வருமானக் குவிப்பு அதிகம் என்கிறது அந்த ஆய்வு. இது பணக் கணக்கு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்த பிறகும், சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. இறந்தவர் எந்தச் சமூகம் என்று யாரும் தனியாகக் கேட்பதில்லை. கேட்காமலே தெரிந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கும் வாடகை வீடு தேடும்போது சுற்றிவளைத்து ஒரு கேள்வி வரும். பதிலைக் கேட்டதும் வீடு காலியில்லை என்பார்கள். பரோடாவில் தடி எடுத்தார்கள், இங்கே போன் எடுப்பதில்லை.

பணமா, சாதியா, எதை முதலில் சரிசெய்வது என்ற கேள்விக்கு அம்பேத்கரின் வாழ்க்கை தரும் பதில் இதுதான்: ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பிடித்தால், விட்டது திரும்ப வந்து கீழே இழுக்கும். மில்லில் கூலி உயர்வு கேட்டவர்கள் நெசவுப் பிரிவுக் கதவை மறந்தார்கள், அதனால் கூலி உயர்ந்தாலும் எல்லோருக்கும் சமமாக உயர முடியாமல் இருந்தது. குளத்தைத் திறக்கும் தீர்மானத்தை எழுதியவர்கள், அதில் இறங்குகிறவரின் வேலையும் நிலமும் ஊர்ப் பெரியவர் கையில் இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை, அதனால் தீர்மானம் காகிதத்தோடு நின்றது.

அடுத்த முறை யாராவது ஏழை, பணக்காரன் என இரண்டே சாதிதான் என்று சொன்னால், மசூர் ஸ்டேஷனில் இரண்டு மடங்கு வாடகை கொடுத்த பிள்ளைகளின் கதையைச் சொல்லுங்கள். சாதியெல்லாம் மரியாதைப் பிரச்சினை மட்டும்தான் என்று சொன்னால், அந்த நாடாக் கதையைச் சொல்லுங்கள்.